தொட்டா கூடும், விட்டா அடங்கும்: மண்டைக்குள்ள இருக்கிற இரைச்சலை போன் ஸ்கிரீன்ல செய்யிறது எப்பிடி

மண்டை நிறைஞ்சு போன நிலையைக் காட்டுற டிஜிட்டல் ஆர்ட் எண்டு தேடிப் பாத்தா முக்காவாசி ஒரே மாதிரித்தான் இருக்கும், ஒரு தலை, அதுக்குள்ள இருந்து கிறுக்கல் கிறுக்கலா கோடு வருகுது, தொட்டா இன்னும் கொஞ்சம் கோடு வருகுது, அவ்வளவுதான், பாக்கிற ஆள் ரெண்டு தரம் தட்டிப் பாத்திட்டு டிக்டொக்குக்குப் போயிடுவார். நான் இங்க சொல்லப்போறது வேற. தொடத்தொட இரைச்சல் கூடும், கைய எடுத்து சும்மா இருந்தா மட்டும் அடங்கத் தொடங்கும், அடங்கின பிறகுதான் உங்களுக்கு உடம்பில எங்க என்ன செய்யுது எண்டு கேக்கும். போன் எண்டாலே தட்டு, தள்ளு, தட்டு எண்டுதான் எங்கட கைக்குப் பழக்கம். அந்தப் பழக்கத்தையே இந்த வேலைக்குள்ள பிரச்சினையாக்கினாத்தான் பாக்கிற ஆளுக்கு விஷயம் விளங்கும், வாயால விளக்கத் தேவையில்ல.

செய்யிறதுக்கு கோட்டால படம் கீறுற பி5 ஜேஎஸ் எண்ட டூல் காணும். 2001ல எம்ஐடி மீடியா லேப்ல கேசி ரியாஸும் பென் ஃப்ரையும், படம் கீறுற ஆக்களும் கோட் எழுதோணும் எண்டு புரோசெசிங் எண்ட டூலைத் தொடங்கினவை. அதே யோசினையை பிரவுசருக்குள்ள கொண்டு வரோணும் எண்டு 2013ல லோரன் லீ மெக்கார்த்தி தொடங்கினதுதான் பி5. காசு இல்ல, இன்ஸ்டோல் பண்ணத் தேவையில்ல, அவங்கட வெப் எடிட்டரைத் திறந்தா அங்கேயே எழுதி அங்கேயே ஓட்டலாம். திறந்த உடன ரெண்டு ஃபங்ஷன் இருக்கும், செட்அப் ஒரு தரம் ஓடும், டிரா செக்கனுக்கு 60 தரம் வரைக்கும் திருப்பித் திருப்பி ஓடும். கேன்வஸ் 400க்கு 400 எண்டு தந்திருக்கும், அதை விண்டோ அகலம், விண்டோ உயரம் எண்டு மாத்திடுங்க, ஏனெண்டா பாக்கிற ஆக்கள் எல்லாம் போன்லதான் பாக்கப்போகினம். கோடிங் புதுசு எண்டாலும் பயப்பட ஒண்டும் இல்ல, ஒரு வட்டத்தைக் கீறி அதை விரலுக்குப் பின்னால ஓடவைக்கிற அளவுக்கு யூடியூப்ல பாத்துப் பழகிட்டு வாங்க, மிச்சம் இங்க இருக்கு.

இன்னொண்டு, கனபேருக்குத் தெரியாது: பி5 எழுதுற மொழியான ஜாவாஸ்கிரிப்ட்ல வேரியபிளுக்கு, அதாவது ஒரு நம்பரைப் போட்டு வைக்கிற பெட்டிக்கு, தமிழ்லயே பேர் வைக்கலாம். சுமை எண்டு எழுதி சமன் 0 போட்டா அது ஓடும். நான் இதைச் சும்மா பெருமைக்குச் சொல்லேல்ல, இந்த மாதிரி விஷயத்தில கோட் வாசிக்கேக்கயே என்ன நடக்குது எண்டு மனசுக்குப் பட்டா, எங்க கூட்டோணும் எங்க குறைக்கோணும் எண்டு முடிவெடுக்கிறது லேசு.

எல்லாத்துக்கும் ஒரே ஒரு நம்பர்

இந்த வேலையின்ட முழு எஞ்சினும் அந்த சுமை எண்ட ஒரு நம்பர்தான். 0க்கும் 1க்கும் இடையில இருக்கும். எழுத்து எத்தினை வருது, எவ்வளவு வேகமா ஓடுது, சத்தம் எவ்வளவு, நிறம் எவ்வளவு கடும் எல்லாத்தையும் இந்த ஒரு நம்பரோட கட்டுங்க. வேற வேற டைமர், வேற வேற கணக்கு எண்டு வச்சா நாளைக்கு ஒண்டை மாத்த ஒம்பது உடையும்.

ஒவ்வொரு தொடுகைக்கும் சுமையில 0.08 கூட்டுங்க, அதாவது விடாம கெதியாத் தட்டினா இடையில கழியிறதையும் சேர்த்து பதினைஞ்சு தட்டு கிட்ட உச்சத்துக்குப் போயிடும், சாதாரணமா ஒரு ஆள் பத்து செக்கனுக்குள்ள தட்டி முடிச்சிடுவார். இறங்கிறதுதான் ஆறுதலா இருக்கோணும். 1ல இருந்து 0க்கு வர 25 செக்கன் எண்டு வைங்க. டிரா ஒரு தரம் ஓடினா ஒரு ஃபிரேம், செக்கனுக்கு 60 ஃபிரேம் எண்டா 1500 ஃபிரேம், அப்ப ஒவ்வொரு தரமும் 1500ல ஒரு பங்கு கழிச்சாக் காணும்தானே எண்டு தோணும், ஆனா பழைய போன்ல 30 ஃபிரேம்தான் ஓடும், அங்க அதே கணக்கு 50 செக்கன் எடுக்கும். அதால டெல்டாடைம் எண்டு பி5 தாற நம்பரை எடுத்து 25000ஆல பிரிச்சுக் கழிங்க, அது போன ஃபிரேமுக்கும் இந்த ஃபிரேமுக்கும் இடையில போன மில்லிசெக்கன், எந்த போன்ல ஓடினாலும் 25 செக்கன் 25 செக்கனாவே இருக்கும். விரல் ஸ்கிரீன்ல பட்டுக்கொண்டு இருக்கும்வரை ஒண்டும் கழியக்கூடாது, விரலை அமத்திப் பிடிச்சுக்கொண்டு "சும்மாதான் இருக்கிறன்" எண்டு சொல்லுற ஆக்களும் இருக்கினம்.

ஏறுறது கெதியா, இறங்கிறது ஆறுதலா எண்ட இந்த வித்தியாசம் முக்கியம். ரெண்டையும் ஒரே வேகத்தில விட்டா அது வொலியூம் பட்டன், வேற ஒண்டும் இல்ல.

எழுத்து

ஸ்கிரீன்ல ஓடுறது கோடும் வட்டமும் இல்லாம வசனமா இருந்தா நல்லம் எண்டது என்ட எண்ணம். மண்டைக்குள்ள ஓடுறது வசனம்தானே. ஒரு கொப்பி எடுத்து ஒரு நாப்பது வசனம் எழுதுங்க, ஆனா "வாழ்க்கை பெரிய போராட்டம்" மாதிரி ஒண்டும் வேணாம், அது போஸ்டர். உண்மையா ஓடுறதை எழுதுங்க. அடகு வச்ச சங்கிலி இந்த மாசம் மீக்கோணும். அம்மாட கிளினிக் நாள் புதனா வியாழனா. சீட்டுக்காசு. ஐஞ்சரை பஸ்ஸை விட்டா பிறகு இல்ல. காத்து கூட, நாளைக்கும் கடலுக்குப் போகேலாது. தம்பி லண்டன்ல இருந்து கோல் எடுத்தவன், திருப்பி எடுக்கேல்ல. குடையை எங்க வச்சன். கடைசி மாதிரி அற்ப விஷயம் பாதிக்குப் பாதி இருக்கட்டும், ஏனெண்டா பாரம் ஏறுறது பெரிய விஷயத்தால மட்டும் இல்ல, பெரிசுக்கு மேல குடையும் வந்து குந்துறதாலதான்.

எத்தினை வசனத்தை ஒரே நேரம் காட்டுறது? 1956ல ஜோர்ஜ் மில்லர் எண்ட அமெரிக்க உளவியல்காரர், மனிசன் ஒரே நேரத்தில மனசில வச்சிருக்கக்கூடியது ஏழு, கூடக்குறைய ரெண்டு எண்டு எழுதினவர், 2001ல நெல்சன் கோவன் அதை இன்னும் இறக்கி நாலு கிட்ட எண்டார். அதை வச்சே நீங்க படி பிரிக்கலாம்: சுமை குறைய இருக்கேக்க ஒண்டில இருந்து மூண்டு வசனம், ஆறுதலா வாசிக்கலாம். நடுவில ஏழெட்டு, வாசிக்க முயற்சி செய்வினம் ஆனா ஏலாது, இந்த இடத்தில ஆளுக்கு எரிச்சல் வரும், அதுதான் வேணும். உச்சத்தில நாப்பதும், அப்ப ஒருத்தரும் வாசிக்க மாட்டினம், அது வெறும் எழுத்துப் புழுதி. தொடுற இடத்தில இருக்கிற வசனம் ரெண்டா உடைஞ்சு ரெண்டு துண்டும் வேற வேற பக்கம் போகட்டும், அதாவது ஒரு பிரச்சினையைத் தள்ளிவிடப் போக அது ரெண்டாகுது.

இங்கதான் தமிழுக்கு மட்டும் வாற ஒரு கரைச்சல் இருக்கு, இங்கிலீஷ் டியூட்டோரியல் ஒண்டிலயும் சொல்ல மாட்டாங்க. வசனத்தை எழுத்து எழுத்தா உடைக்க வழமையா ஸ்பிளிட் எண்ட ஃபங்ஷனைப் பாவிப்பாங்க. நெஞ்சு எண்ட சொல்லை அப்பிடி உடைச்சா உங்களுக்கு மூண்டு எழுத்து வராது, ஆறு துண்டு வரும், ந தனிய, கொம்பு தனிய, ஞ தனிய, புள்ளி தனிய எண்டு, ஸ்கிரீன்ல அந்தக் கொம்பும் புள்ளியும் பக்கத்தில ஒரு புள்ளிபோட்ட வட்டத்தோட அநாதையாத் திரியும். அதுக்கு இன்டல் செக்மென்டர் எண்டு பிரவுசருக்குள்ளயே ஒரு சாமான் இருக்கு, மொழி தமிழ், அளவு கிராஃபீம், அதாவது முழு எழுத்து, எண்டு குடுத்தா நெ, ஞ், சு எண்டு வடிவாப் பிரிச்சுத் தரும். குரோம்ல கனகாலமா இருக்கு, ஃபயர்ஃபொக்ஸ்ல 2024லதான் வந்தது.

ஃபொன்ட்டும் அப்பிடித்தான். பி5ன்ட பழைய வேர்ஷன்ல லோட்ஃபொன்ட் எண்டு ஃபைலை நேர ஏத்தினா தமிழ் உடையும், கொம்பு எழுத்துக்குப் பின்னால போய் நிக்கும். ஃபொன்டை சிஎஸ்எஸ், அதாவது பக்கத்தின்ட தோற்றத்தைச் சொல்லுற ஃபைல், பக்கத்தால கொண்டுவாங்க, நோட்டோ சான்ஸ் தமிழ் நல்லம், பிறகு டெக்ஸ்ட்ஃபொன்ட்ல அதின்ட பேரை மட்டும் குடுங்க, அப்ப எழுத்தைக் கோர்க்கிற வேலையை பிரவுசர் பாத்துக்கொள்ளும்.

ஓட்டம்

சுமை கூட இருக்கேக்க வசனம் நடுங்கோணும், குறைய இருக்கேக்க மிதக்கோணும். நடுக்கத்துக்கு ரேண்டம், மிதப்புக்கு நொய்ஸ். நொய்ஸ் எண்டா இங்க சத்தம் இல்ல, 1980களில கென் பெர்லின் கண்டுபிடிச்ச ஒரு கணக்கு, பக்கத்துப் பக்கத்து நம்பர் எல்லாம் ஒண்டோட ஒண்டு ஒட்டினமாதிரி வரும், அதால அசைவு முகில் மாதிரி வழுக்கிக்கொண்டு போகும், இதுக்காக அந்தாளுக்கு 1997ல ஒஸ்கார் அமைப்பின்ட தொழில்நுட்ப விருதும் குடுத்தவங்க. ரெண்டு இடத்தையும் கணக்குப் பண்ணிட்டு லேர்ப் எண்ட ஃபங்ஷனால சுமை அளவுக்கு ரெண்டையும் கலந்து விடுங்க.

பின்னணியை ஒவ்வொரு ஃபிரேமும் முழுசா அழிக்காம கொஞ்சம் கண்ணாடித்தன்மையோட பூசினா பழைய வசனத்தின்ட நிழல் இழுபட்டுக்கொண்டு வரும், பாக்க நல்லா இருக்கும். ஆனா அந்த அல்பா நம்பரை, அதாவது பூச்சு எவ்வளவு மறைக்குது எண்ட அளவை, கனக்கக் குறைச்சு விட்டா நிழல் ஒருநாளும் முழுசா அழியாது, சாம்பல் கறை மாதிரி நிண்டிடும், அது கணக்கில வாற ரவுண்டிங் பிரச்சினை. அடங்கின கட்டத்தில ஸ்கிரீன் உண்மையாவே சுத்தமாகோணும், அதால சுமை 0.1க்குக் கீழ வந்த உடன அல்பாவைக் கூட்டுங்க. பழைய போன் திணறினா பிக்சல்டென்சிட்டியை, அதாவது ஸ்கிரீன் எவ்வளவு நெருக்கமா கீறப்படுது எண்ட அளவை, 1 எண்டு வைங்க, மூண்டு டென்சிட்டி போன்ல ஒம்பது மடங்கு வேலை குறையும். தொடேக்க பக்கம் மேல கீழ ஓடாம இருக்க சிஎஸ்எஸ்ல டச்அக்ஷனை நன் எண்டு போட மறக்காதீங்க.

சத்தம், இதில கொஞ்சம் நிண்டு யோசிக்கோணும்

நெட்ல இருந்து சத்தம் டவுன்லோட் பண்ணாதீங்க. எங்கட திருகோணமலையில இல்லாத சத்தமா? பஸ் ஸ்டாண்டில கிண்ணியா கிண்ணியா எண்டு கூப்பிடுற சத்தம், மெயின் ஸ்ட்ரீட்ல ஒரே நேரம் அடிக்கிற ஆட்டோ ஹோர்ன், மீன் சந்தையில விலை கூவுறது, சூன் பாண் வண்டிட அந்த ட்யூன், கரண்ட் போன நேரம் கடை வாசல்ல ஓடுற ஜெனரேட்டர், வட்ஸ்அப் டிங். போன் ரெக்கோடரால பத்துப் பத்து செக்கனா எடுங்க, காத்துப் பக்கம் முதுகைக் காட்டி நிண்டு எடுங்க இல்லாட்டி மைக்ல புஸ் எண்டுதான் வரும். மோனோ, 96 கேபிபிஎஸ் எம்பி3 எண்டு மாத்தினா ஒண்டு 120 கேபி கிட்ட, ஆறு சத்தம் ஒரு எம்பிக்குள்ள அடங்கிடும், டேட்டா கார்ட் போட்டு பாக்கிற ஆக்களுக்கும் பாரமில்ல. ஆக்கள் தங்கட சொந்தக்கதை கதைக்கிறது ரெக்கோட்ல விழுந்தா அதை வெட்டிடுங்க, ஊர் சின்னது, குரலை வச்சே ஆள் ஆரெண்டு கண்டுபிடிச்சிடுவினம்.

எல்லாச் சத்தத்தையும் ஆரம்பத்திலயே லூப்ல ஓடவிட்டு வொலியூமை 0ல வைங்க. சுமை ஏற ஏற ஒவ்வொண்டா திறக்கட்டும், முதல் டிங், பிறகு ஹோர்ன், பிறகு சந்தை. இறங்கேக்க அதே ஒழுங்கில மூட வேணாம், டிங்கைக் கடைசியா மூடுங்க, எல்லாம் அடங்கின பிறகும் போன் மட்டும் டிங் டிங் எண்டு கொண்டிருக்கிறது எல்லாருக்கும் தெரிஞ்ச கதைதானே.

சில சத்தம் போடக்கூடாது. கோணேசர் கோயில் மணியையும் பள்ளிவாசல் பாங்கையும் சேர்ச் மணியையும் இரைச்சல் குவியலுக்குள்ள போடாதீங்க, சண்டை வரும் எண்டதுக்காக மட்டும் இல்ல, கனபேருக்கு நாள் முழுக்க ஓடினதுக்குப் பிறகு மூச்சு விடுற நேரமே அதுதான், அதைக் கொண்டுபோய் ஹோர்னோட சேர்த்தா வேலை பொய்யாகிடும். படார் எண்டு வெடிக்கிற மாதிரிச் சத்தம், ஹெலி சத்தம் ரெண்டும் வேணவே வேணாம். யுத்தம் முடிஞ்சது 2009ல, இங்க ஆருக்கு எந்தச் சத்தத்தோட என்ன ஞாபகம் ஒட்டிக்கிடக்கு எண்டு செய்யிற எங்களுக்குத் தெரியாது.

அடங்கின கட்டத்துக்கு எல்லாரும் கையை நீட்டுறது கடல் அலைக்குத்தான். உலகத்தில இருக்கிற மனநிம்மதி அப் எல்லாத்திலயும் அலைதான். டச்சு பேயில ஒரு பின்னேரம் நிண்டு எடுத்தா வடிவான அலை கிடைக்கும், எனக்கும் பிடிக்கும். ஆனா 2004 டிசம்பர் 26 சுனாமியைப் பாத்த ஊர் இது. கண்ணை மூடிக்கொண்டு இருக்கேக்க அலைச்சத்தம் கேட்டா நிம்மதி வாற ஆளும் இருக்கு, நெஞ்சு பிடிச்சுக்கொள்ளுற ஆளும் இருக்கு. அதால அலையை டிஃபோல்ட்டா வைக்காதீங்க. தொடக்கத்திலயே மூண்டு தெரிவு குடுங்க, அலை, தகரக் கூரையில மழை, ஒண்டும் வேணாம். என்னைக் கேட்டா ஒண்டும் வேணாம்தான் நல்லம், ஆறு சத்தம் ஓய்ஞ்ச பிறகு வாற அந்த வெறும் காதே ஒரு சத்தம்.

டெக்னிகலா ரெண்டு விஷயம். பிரவுசர் ஆள் ஒரு தரம் தொடாம சத்தத்தை விடாது, அதால முதல் பக்கத்தில "சத்தம் வரும், எழுத்து வேகமா ஓடும், எப்ப வேணுமெண்டாலும் நிப்பாட்டலாம், தொடங்க தொடுங்க" எண்டு எழுதி வைங்க, அனுமதி கேட்டதும் ஆச்சு, ஓடியோவும் திறந்தாச்சு. மற்றது, ஃபைலை நேர டபுள் கிளிக் பண்ணித் திறந்தா குரோம் சத்த ஃபைலை லோட் பண்ண விடாது, வெப் எடிட்டர்ல ஓட்டுங்க இல்லாட்டி விஎஸ் கோட் எண்ட கோட் எழுதுற அப்ல லைவ் சேர்வர் எண்ட எக்ஸ்டென்ஷனைப் போட்டு ஓட்டுங்க.

கைய எடுத்த பிறகு

சுமை 0க்கு வந்த பிறகு உடன அடுத்ததைக் காட்டிடாதீங்க. ஒரு ஆறேழு செக்கன் ஸ்கிரீன் வெறுமையா இருக்கட்டும். பாக்கிற ஆள் சரியா இந்த இடத்திலதான் "மச்சான், இது ஹேங் ஆகிட்டுதுடா" எண்டு போனைத் திருப்பித் தருவார். அதுக்காக லோடிங் வட்டம் போடவேணாம், மெல்லிசா ஒரு வெளிச்சம் மூச்சு மாதிரி கூடிக் குறைஞ்சு கொண்டிருந்தாக் காணும், உயிரோடதான் இருக்கு எண்டு விளங்கிடும். தட்டினா? சுமை திருப்பி 0.08, ஒரு வசனம் வரும், திருப்பி அடங்கக் காத்திருக்கோணும். தண்டனை எண்டு ஒண்டும் இல்ல, அவ்வளவுதான்.

அதுக்குப் பிறகு ஒரு ஆள் உருவம் வரட்டும், ஆணும் இல்லாம பெண்ணும் இல்லாம வெறும் வெளிக்கோடு, போன் ஸ்கிரீன் நெடுக்க இருக்கிறதால முழு உடம்பும் வடிவா அடங்கும். கீழ ஒரே கேள்வி: "இப்ப எங்க செய்யுது?" ஆள் விரலை அந்த இடத்தில வைக்கோணும். நாங்க பேசுறதே அப்பிடித்தானே, நெஞ்சு பாரமா இருக்கு, வயித்தைப் பிசையுது, தொண்டையை அடைக்குது, கைகால் உதறுது, மண்டை விறைக்குது. கவலையா கோபமா எண்டு கேட்டா "தெரியேல்ல" எண்டு சொல்லுற எங்கட ஆக்கள், எங்க எண்டு கேட்டா உடன கையை வச்சுக் காட்டுவினம். 2014ல பின்லாந்தில லௌரி நும்மென்மா ஆக்கள் ஒரு 700 பேரிட்ட இதே மாதிரி உடம்பு உருவம் குடுத்து ஒவ்வொரு உணர்ச்சிக்கும் எங்க கூடுது எங்க குறையுது எண்டு நிறம் பூசச் சொன்னவை, கோபத்துக்குத் தலையும் நெஞ்சும் கையும், கவலை வந்தா கைகால் எல்லாம் மங்கல் எண்டு கிட்டத்தட்ட ஒரே மாதிரி வந்தது.

விரல் வச்ச இடத்தில நிறம் ஊறட்டும், எவ்வளவு நேரம் வைக்கிறாரோ அவ்வளவு பரவட்டும். எடுத்த பிறகு அந்த இடத்தைச் சுத்தி ஏழெட்டுச் சொல் மட்டும் வரட்டும்: பாரம், பயம், எரிச்சல், ஏக்கம், களைப்பு, வெக்கம், வெறுமை, தெரியேல்ல. அந்தக் கடைசிச் சொல்லை எடுத்திடாதீங்க, அதுவும் பதில்தான், மற்ற சொல்லுகளின்ட அதே சைஸ்ல அதே நிறத்தில இருக்கோணும். பேர் வைக்கிறதில விஷயம் இருக்கு, 2007ல கலிஃபோர்னியாவில மத்தியூ லீபர்மன் ஆக்கள் மூளையை ஸ்கேன் பண்ணிப் பாத்தவை, கோபமான, பயந்த முகப் படத்தைப் பாக்கேக்க அந்த உணர்ச்சிக்குச் சொல் தெரிவு செய்தவங்களுக்கு மூளையில பயத்தோட சம்பந்தப்பட்ட அமிக்டலா எண்ட பகுதியின்ட துடிப்புக் குறைஞ்சிருந்தது.

சொல்லைத் தொட்ட பிறகு என்ன வருது எண்டதிலதான் கனபேர் வேலையைக் கெடுக்கிறது. பூ விரியும், "எல்லாம் சரியாகும்" எண்டு வரும், ஸ்டார் விழும். வேணாம். அந்தச் சொல் அந்த உடம்பில அந்த இடத்தில நிக்கட்டும், பத்து செக்கனுக்கு ஒரு தரம் மெல்லக் கூடிக் குறையட்டும், வேற ஒண்டும் நடக்க வேணாம். ஒருத்தர் வந்து தனக்கு நெஞ்சில பாரம் எண்டு சொன்னா நல்லாக் கேக்கத் தெரிஞ்ச ஆள் உடன புத்தி சொல்லுவாரா?

உருவம் கீறப் பிடிக்கேல்ல எண்டா வேற மாதிரியும் செய்யலாம். கன்னியாவில ஏழு கிணறு, ஒவ்வொண்டிலயும் சூடு கொஞ்சம் வித்தியாசம், வாளியால அள்ளி அள்ளி ஒவ்வொண்டாத்தான் ஊத்திப் பாப்பம். அதே போல ஏழு சதுரம், ஏழு சூட்டு நிறம், இப்ப உங்கட சூடு எது எண்டு தெரிவு செய்ய விடுங்க, சொல்லே வேணாம். சின்னப் பிள்ளையளுக்கு இது இன்னும் லேசு.

மூச்சு வச்சும் செய்யலாமா எண்டு கேப்பீங்க. செய்யலாம், 1995லயே சார் டேவிஸ் எண்ட கனடாக் கலைஞர், சுழியோடுற ஆக்கள் தண்ணிக்குள்ள மூச்சால மேல கீழ போறதை வச்சு ஒஸ்மோஸ் எண்டு ஒரு விஆர் வேலை செய்தவ, மூச்சை இழுத்தா உயருவீங்க, விட்டா இறங்குவீங்க. ஆனா அதுக்கு நெஞ்சில பெல்ட் இருந்தது. போன் மைக்ல மூச்சைப் பிடிக்கப் போனா போனே அதை வேணாத சத்தம் எண்டு வடிகட்டிடும், நொய்ஸ் சப்ரெஷனை நிப்பாட்டினாலும் மேல ஓடுற ஃபேன் விடாது. அதோட பதட்டத்தில இருக்கிற ஆளிட்ட மூச்சைக் கவனி எண்டா சிலருக்குக் கூடத்தான் செய்யும். நான் எண்டா விட்டிடுவன்.

ஆருக்கும் தீங்கு வராம

ஃபிளாஷ் விஷயத்தில விளையாடாதீங்க. 1997 டிசம்பர் 16 ஜப்பான்ல ஒரு கார்ட்டூன்ல சிவப்பும் நீலமும் மாறி மாறி வெட்டினதால 685 பிள்ளையளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவங்க. வெப் விதிப்படி செக்கனுக்கு மூண்டு தரத்துக்கு மேல வெட்டக்கூடாது, நீங்க வெட்டவே வெட்டாதீங்க, எழுத்துக் குவியலே காணும். போன் செட்டிங்ல அசைவைக் குறை எண்டு போட்டு வச்சிருக்கிற ஆக்களுக்கு நடுக்கத்தை நிப்பாட்டிட்டு வசனத்தின்ட எண்ணிக்கையை மட்டும் கூட்டுங்க. போதும் எண்டு ஒரு பட்டன் எப்பவும் மூலையில இருக்கோணும், அமத்தின அடுத்த செக்கன் எல்லாம் நிக்கோணும், "நிச்சயமா?" எண்டு திருப்பிக் கேக்கக்கூடாது.

ஆள் தொட்ட இடம், தெரிவு செய்த சொல் ஒண்டையும் சேமிக்காதீங்க. ஆக்கள் எந்தச் சொல்லைக் கூடத் தொட்டினம் எண்டு சார்ட் போட்டுக் காட்ட ஆசை வரும், விடுங்க. கம்பஸில ஒரே டெப்லெட்டை ஐம்பது பேர் தொடுற இடத்தில முந்தின ஆளின்ட "வெக்கம்" அடுத்த ஆளுக்குத் தெரிஞ்சா அதோட உங்கட வேலையை ஒருத்தரும் நம்ப மாட்டினம். பக்கத்தை மூடினா எல்லாம் அழியோணும், அது கோட்ல எழுதாமலே நடக்கும், நீங்க சேமிக்காட்டிச் சரி. கடைசிப் பக்கத்தில இலங்கையின்ட தேசிய மனநல உதவி இலக்கம் 1926 ஐ சின்னதா ஒரு மூலையில போட்டு விடுங்க, தொட்டா கோல் போற மாதிரி. பயமுறுத்துற சிவப்பு எழுத்து வேணாம்.

வெளிய விடுறது

வெப் பக்கத்தை வெளியிட விடுற கிட்ஹப் பேஜஸ்ல காசில்லாமப் போடலாம், பி5 ஃபைல் ஒரு எம்பி கிட்ட, அதையும் அதே ஃபோல்டர்ல வைங்க, வேற சேர்வர்ல இருந்து இழுத்தா நெட் இழுபடுற இடத்தில தொங்கும். கியூஆர் அடிச்சு ஒட்டுறதெண்டா ஆக்கள் ஏற்கனவே சும்மா இருக்கிற இடமாப் பாருங்க, இன்னர் ஹாபர் ரோட்ல பின்னேரம் காத்து வாங்க வாற இடம், பஸ் வரக் காத்திருக்கிற இடம். வெயிலுக்குள்ள ஸ்கிரீன் தெரியாது, பொழுதுபட்ட பிறகுதான் சரிவரும். ஹெட்போன் இல்லாத ஆக்களுக்கு சத்தம் இல்லாமலும் விளங்குதா எண்டு மியூட் பண்ணிப் பாருங்க. அன்ட்ரொயிட்ல வைப்ரேஷனும் சேர்க்கலாம், ஐபோன் சஃபாரியில அது வேலை செய்யாது, அதால அதில ஒண்டும் தங்கி இருக்கக்கூடாது.

சோதிக்கிறதுக்கு கோட் தெரிஞ்ச பெடியளிட்ட குடுக்காதீங்க, அவங்க பிழை தேடுவாங்க. மாமியிட்ட குடுங்க, முச்சந்தியில நிக்கிற ஆட்டோ அண்ணையிட்ட குடுங்க. விளக்கம் ஒண்டும் சொல்லாம பக்கத்தில இருந்து விரலை மட்டும் பாருங்க, முகத்தைப் பாத்தா அவை உங்களுக்காக நல்லா இருக்கெண்டு சிரிப்பினம். முடிஞ்ச பிறகு "எப்பிடி மாமி இருந்திச்சு?" எண்டு கேட்டா "நல்லா இருக்கு தம்பி" எண்டுதான் வரும், அது ஒண்டுக்கும் உதவாது. "எந்த இடத்தில கையை எடுத்தீங்க, ஏன் எடுத்தீங்க?" எண்டு கேளுங்க. "பழுதாக்கிப்போட்டன் எண்டு பயந்து எடுத்தனான்" எண்டா ஏறுற வேகம் கூட, 0.08ஐ 0.05 ஆக்குங்க. "அலுப்படிச்சிட்டுது" எண்டா உச்சத்தில சத்தம் காணாது, இல்லாட்டி வசனம் அவையின்ட வசனம் இல்ல, நாப்பதில பத்தை மாமியிட்டயே கேட்டு எழுதி மாத்துங்க. "தெரியேல்ல, கை தானா எடுபட்டிட்டுது" எண்டு சொன்னா ஒண்டையும் தொடாதீங்க, அந்த வேர்ஷனை அப்பிடியே ஏத்துங்க.